முன்பல்லுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டர்

மூன்றாவது கஸ் மிட்டாய் டப்பா வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இஸ்பஹானில் நன்றிக்கு ஒரு டப்பா என்பது முறை. பிஸ்தா கூடுதலாகப் போட்ட டப்பா என்றால் மனம் நிறைந்த நன்றி. இரண்டாவது டப்பா வந்தால், கொடுத்தவர் முதல் டப்பாவை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று டப்பாவை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. டீக்குக் கடிக்கும் சர்க்கரைக் கட்டியைக்கூட எண்ணி வைக்கிற ஊர் இது. அப்படியிருக்க, சைக்கிள் கடை நவ்சர் ஒரே ஒரு பல் பாலத்துக்காக ஏழு வாரத்தில் மூன்று டப்பா அனுப்பியிருந்தார்.

முதல் இரண்டையும் அவரே பல் டாக்டர் மஹ்லகாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாவதை அவர் மனைவி எஃபத் என் பட்டறைக்கே கொண்டுவந்தார். கண்ணாடிக் கடைக்கு மேலே, செங்குத்தான இருபத்திரண்டு படி. ஏறி வந்து, மூச்சு நிதானப்பட்டதும், டப்பாவை என் மேசையில் பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவே வைத்தார்.

"உன் கை வலிக்காம இருக்கணும் தூரஜ். அவர் குடுத்தனுப்பினாரு."

"உங்க தலை வலிக்காம இருக்கணும் அக்கா." எங்கள் ஊர் நன்றிக்கு வழக்கமான பதில் அது. "ஆனா எதுக்கு மூணாவது? பாலம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. கல்யாண மாப்பிள்ளை பல்லு மாதிரி இருக்கு." அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "மனசுல ஒரு குறையைப் பூட்டி வெச்சிருக்கற மனுஷன்தான் இப்படி விழுந்து விழுந்து நன்றி சொல்வான். அவரால குழல் ஊத முடியல."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஊதினா வெறும் காத்துதான் வருது. டயர்லேருந்து காத்து எறங்குமே, அப்படி. தொழிலுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு, கேக்கத்தான் சகிக்கல."

"டாக்டர்கிட்ட சொன்னாரா?"

"அவரா? டாக்டரம்மா கண்ணாடியைக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்டப்போ, 'நிலா வாய்க்குள்ள குடிவந்த மாதிரி இருக்கு'ன்னாராம். அப்படிச் சொன்ன வாயால அப்புறம் குறை சொல்வாரா? அடுத்த வெள்ளிக்கிழமை காஷான்லேருந்து ஒருத்தர் வர்றாரு. குழலை அவர்கிட்ட குடுத்துடப் போறாராம். வயசாயிடுச்சாம், மூச்சு போயிடுச்சாம். எங்க போச்சு மூச்சு? நேத்துகூட ஒரு சைக்கிள் டியூபை வாயாலயே ஊதினாரு."

அவர் எழுந்தார். "நான் இதைச் சொன்னேன்னு காட்டிக்காத. உனக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

அவர் படியிறங்கும் ஓசை நின்ற பிறகும் நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பல் செய்பவன். பல் பிடுங்குபவனோ, ஊசி போடுபவனோ அல்ல. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் ஆளின் பற்கள் அப்படியே கல்லாக என் மேசைக்கு வந்துவிடும். பெரும்பாலான ஆட்களின் முகம் எனக்குத் தெரியாது. தெருவில் யாராவது சிரித்தால்தான் 'அடடா, நீங்களா' என்று தோன்றும்.

நவ்சர் அப்படியல்ல. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் என் அம்மா இறந்த நாற்பதாம் நாள், தோட்டத்தில் கூடியிருந்தோம். உறவினர்கள் எல்லோரும் அழுது ஓய்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நாற்பது நாளாக அழவில்லை. விருந்தினர் கணக்கு, பேரீச்சம்பழத் தட்டு, நாற்காலி வாடகை என்று ஓடிக்கொண்டிருந்தேன். என் மாமாவின் அண்டைக் கடைக்காரர் என்ற ஒரே உறவில் வந்திருந்த நவ்சர், உறையிலிருந்து தன் நாணல் குழலை எடுத்தார். நேய் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழலுக்கு ஏழு கணு. முதல் மூச்சு நாணலுக்குள் போனதும் நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஊதி முடித்து, ஒரு டீகூடக் குடிக்காமல், சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தேன்.

வசந்தத்தில், நவ்ரூஸ் என்னும் பாரசீகப் புத்தாண்டு விடுமுறையில் அவருடைய முன்பல் உடைந்தது. பிஸ்தாக் கிண்ணத்தின் அடியில் எப்போதும் நாலைந்து வாய் திறக்காத பிஸ்தா கிடக்கும். எல்லோரும் அதை ஒதுக்கிவிட்டுத் திறந்ததைத்தான் பொறுக்குவார்கள். மைத்துனர் எதிரே உட்கார்ந்து 'இதை இந்த வீட்ல யாரும் உடைக்க முடியாது' என்று சொன்னாராம். நவ்சர் ஒன்றை எடுத்துக் கடித்தார். பிஸ்தா உடையவில்லை. மேல்வரிசையில் நட்டநடுவில் இடப்பக்கத்துப் பல் ஈறோடு முறிந்தது. இளவயதில் வேர் சிகிச்சை செய்து உலர்ந்துபோயிருந்த பல் அது. பழைய சீழ் எலும்பின் முன்சுவரை அரித்திருந்ததால் திருகு பதித்துப் பல் நட முடியாது என்று டாக்டர் மஹ்லகா சொல்லிவிட்டார். பாலம்தான் வழி.

பாலம் எளிமையான யோசனை. விழுந்த பல்லுக்கு இருபுறமும் இருக்கும் பற்களைச் சற்றுச் சீவி மெலிதாக்குவது. அவற்றின்மேல் தொப்பி போல இரண்டு உறை. இரண்டு உறைக்கும் நடுவே, ஈறைத் தொட்டும் தொடாமலும், ஒரு பொய்ப்பல். மூன்றும் உள்ளே ஒரே உலோக எலும்பு, வெளியே பீங்கான். நடுப்பல்லுக்குக் கால் கிடையாது. அக்கம்பக்கத்துக் கால்களில்தான் நிற்கிறது. அதனால்தான் மூன்றும் ஒன்றோடொன்று விடாமல் இணைந்திருக்க வேண்டும்.

அச்சு வந்ததும் பெயரைப் பார்த்தேன். டாக்டரை அழைத்து, "இது என் கைதான் செய்யணும், அவசரப்படுத்தாதீங்க" என்றேன். இரண்டு நாள் வேலையை ஆறு நாள் செய்தேன். வலப்பக்கத்து நடுப்பல்லின் அகலம் எட்டரை மில்லிமீட்டர். விழுந்த பல்லின் இடமோ பத்து. அதாவது முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சந்து இருந்திருக்கிறது. போதாததற்கு வலப்பல்லின் உள்மூலையில் ஒரு பள்ளம். என் மேசைக்கு வரும் அச்சுகளில் பாதியில் இப்படிப் பள்ளம் இருக்கும். வாழ்நாள் முழுக்கத் தர்பூசணி விதையை முன்பல்லில் வைத்துக் கொறிக்கும் ஊர் அல்லவா. 'பாவம் மனுஷன், விதை கொறித்தே பல்லைத் தேய்த்திருக்கிறார்' என்று நினைத்தேன். சந்தை அடைத்தேன், பல்லுக்கு முக்கால் மில்லிமீட்டராகப் பங்கிட்டு, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி. பள்ளத்தை நிரப்பினேன். அவர் கேட்டது ஒரு பல். நான் இருபத்தைந்து வயது முகத்தையே கொடுத்தேன். என் நன்றி அது.

அந்த நன்றியைத்தான் இப்போது எஃபத் மூன்றாவது டப்பாவோடு திருப்பித் தந்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் என் சைக்கிளின் பிரேக் கட்டையைத் தளர்த்திவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு நவ்சரின் கடைக்குப் போனேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்தபடி எழுந்து நின்று, மார்பில் கைவைத்து வரவேற்றார்.

"வாங்க வாங்க, என் கண்ணு மேல கால் வெச்சு வாங்க! யாரு வந்திருக்கறது, என் வாய்க்குள்ள மாளிகை கட்டினவரு!"

"அண்ணே, பிரேக் பிடிக்கல."

"உங்களுக்குப் பிடிக்காத பிரேக்கு எனக்கு எதுக்கு?" அவர் ஒரே திருகில் சரிசெய்தார். பிறகு கட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது தானா தளரல. யாரோ ஸ்க்ரூடிரைவர் போட்டிருக்காங்க. எஃபத் ஏதாவது சொன்னாளா?"

பொய் சொல்ல எனக்கு வராது. தலையாட்டினேன்.

அவர் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஆணியில் தொங்கிய துணி உறையை எடுத்தார். "தப்பு உங்க மேல இல்ல தம்பி. பாலத்துல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் கிழவனாயிட்டேன். பாருங்க."

குழலின் மேல்முனையில் பித்தளை வாய், விளிம்பு மெலிந்து கூராக இருக்கும். அதை உதட்டில் வைத்து ஊதுவதில்லை. மேலுதட்டுக்கு உள்ளே செலுத்தி, மேல் முன்பல்லில் சாய்த்து நிறுத்த வேண்டும். நாக்கு மேலே வளைந்து அண்ணத்தோடு சேர்ந்து ஒரு ஒடுக்கமான வழி செய்யும். மூச்சு அந்த வழியாக வந்து பித்தளை விளிம்பில் மோதிப் பிளந்தால் ஒலி. கொஞ்சம் விலகி மோதினால் வெறும் காற்று. நவ்சர் ஊதினார். காற்று. முனையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். காற்று. ஒரு கணம், பாதிக் கணம், அம்மாவின் தோட்டத்தில் கேட்ட அந்தக் குரல் எட்டிப் பார்த்தது. முனை வழுக்கியது. மறுபடியும் காற்று.

"பழைய பல்லு இருந்தப்போ எப்படி வெப்பீங்க?"

"எப்படின்னா? வாயில வெப்பேன், ஊதுவேன். முப்பத்தாறு வருஷமா யாரு யோசிச்சுப் பாத்தா? நீங்க நடக்கும்போது முழங்காலை எப்படி மடக்கறீங்கன்னு கேட்டா சொல்வீங்களா?"

அது நியாயமான பேச்சு. அவருக்கே தெரியாததை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

மாலையில் டாக்டர் மஹ்லகாவிடம் போனேன். அவருக்கு அறுபது வயது, சுருக்கமாகப் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு டப்பாவையும் தின்னுட்டேனே நான்! மனுஷன் அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்ல மாட்டாரு டாக்டரம்மா. நாமதான் கேட்டிருக்கணும்."

"கேட்டேன். நிலான்னாரு." பெருமூச்சு விட்டார். "பல்லு நீளமாயிடுச்சோ?"

பழைய அச்சோடு ஒப்பிட்டு அளந்தோம். நீளம் அதேதான். பின்பக்கத் தடிமனும் அதேதான். பீங்கான் வழுவழுப்பாக இருப்பதால் பித்தளை வழுக்குகிறதோ என்று நவ்சரை வரவழைத்து, விளிம்பின் பளபளப்பை டாக்டர் சொரசொரப்பாக்கினார். 'ஆஹா, பிரமாதம்' என்றார் நவ்சர். ஊதச் சொன்னோம். காற்றுதான் வந்தது. குழலில் கோளாறோ என்று வேறு குழலையும் பார்த்தாயிற்று. இரண்டிலும் அதே கதை. புதுப் பல்லுக்கு வாய் பழகவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஏழு வாரம் பழகாத வாய் எட்டாவது வாரம் பழகுமா? நான்கு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் நவ்சர் என் பட்டறைக்கு வந்தார். குழல் உறை தோளில் தொங்கியது.

"இதை உங்ககிட்ட காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பாக்க முடியாதே. நீங்க என்னால கஷ்டப்பட வேண்டாம் தம்பி. உங்க அன்பே எனக்குப் போதும்."

அவருக்கு டீ ஊற்றப் போனேன். மேசையில் இடமில்லாததால் குழலை அவர் அச்சு அலமாரியில், பழைய பிளாஸ்டர் பற்களின்மேல் சாய்த்து வைத்தார். வேறு ஊர்ப் பட்டறைகளில் மூன்று மாதத்தில் பழைய அச்சுகளைக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். நான் இஸ்பஹான்காரன், எதையும் எறிவதில்லை. திரும்பி வந்தபோது குழல் சரிந்து விழாமல் நிற்பதைப் பார்த்தேன். அது நின்றது ஏதோ ஒரு வாயில். டீயைக் கீழே வைத்துவிட்டு அவருடைய அச்சைத் தேடினேன். பல் சீவுவதற்கு முன்னால் எடுத்த முதல் அச்சு. உடைந்த பல்லின் காலி இடமும், வலப்பல்லும், அதன் உள்மூலைப் பள்ளமும் அதில் அப்படியே இருந்தன.

பித்தளை வாயை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். தாழ்ப்பாள் போல உட்கார்ந்தது. கையை எடுத்தேன். அசையவில்லை.

அப்போதுதான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பள்ளத்தை ஒழுங்காகப் பார்த்தேன். விதை கொறித்த பள்ளம் பல்லின் நுனியில் முன்னிருந்து பின்னாக நேராக ஓடும். இதுவோ சாய்வாக, பின்பக்கத்தில் மட்டும், பிறை போல வளைந்திருந்தது. அந்த வளைவு பித்தளையின் வளைவு. முப்பத்தாறு வருடம் குழல் தனக்குத்தானே ஓர் இருக்கை தேய்த்து வைத்திருக்கிறது. விளிம்பு பள்ளத்தில் உட்கார்ந்து, அதன் நுனி முன்பல் சந்துக்குள் இறங்கினால்தான் மூச்சுக்கு நேரே நிற்கும். நான் இருக்கையையும் நிரப்பிவிட்டேன், சந்தையும் அடைத்துவிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு மூச்சு போகல. நான்தான் கதவைச் சாத்திட்டேன்."

அவர் அச்சையும் குழலையும் பார்த்தார். நாக்கால் தன் பீங்கான் பல்லின் பின்பக்கத்தைத் தடவினார். தேடியது கிடைக்காத முகம்.

"அந்தப் பள்ளம்..." என்றார். "நாக்கு தினம் அங்கதான் போகும். போயிட்டுத் திரும்பி வந்துடும். எதுக்குன்னு தெரியாமலே இருந்துச்சு."

அன்றே டாக்டரிடம் போனோம். சிமெண்ட் போட்டு ஒட்டிய பாலத்தை முழுசாக எடுக்க முடியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நவ்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா. தம்பி ஆறு நாள் உக்காந்து செஞ்சது. அதை அறுக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"உக்காருங்க," என்றார் டாக்டர். "உங்க மரியாதையாலதான் ஏழு வாரம் போச்சு. இனிமே இந்த நாற்காலியில மரியாதை கிடையாது. நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். குழல் சொன்னாத்தான் நம்புவேன். அதுக்கு உபசாரம் பேசத் தெரியாது."

என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிக அழகான பாலம் இரண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது. வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை.

இனிச் செய்வது என்ன? பழைய அச்சிலிருந்து பள்ளத்தை அப்படியே நகலெடுக்கலாம், அது சுலபம். சந்துதான் சிக்கல். பாலத்தின் மூன்று பல்லும் இணைந்திருக்க வேண்டும் என்றேன் அல்லவா? முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விட்டால் இணைப்பு அங்கே அறுந்துவிடும். பொய்ப்பல் இடப்பக்கத்துச் சின்னப் பல் ஒன்றை மட்டும் நம்பி அந்தரத்தில் தொங்கும். முதலில் அப்படித்தான் செய்து பார்த்தோம், தற்காலிகப் பிளாஸ்டிக்கில், சந்தும் பள்ளமும் வைத்து. நவ்சர் குழலை வைத்தார். கண்ணை மூடினார்.

ஒலி வந்தது.

டாக்டர் மஹ்லகா கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காத்திருப்போர் அறையில் யாரோ டிவியை நிறுத்தினார்கள். மூன்று நிமிடம் வாசித்தார். நாலாவது நிமிடத்தில் பொய்ப்பல் ஆடத் தொடங்கியது. குழல் ஒவ்வொரு அழுத்தத்திலும் அதைப் பக்கவாட்டில் நெம்புகிறது. நெம்புகோலை எதிர்க்க அந்தப் பக்கம் ஒற்றைக் கால்தான்.

ஆக, சந்து வேண்டும் என்பது உறுதி. இணைப்பும் வேண்டும் என்பது உறுதி. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. அப்படியானால் இணைப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்று இரவு வரைந்துவைத்த படம் இப்போதும் என் சுவரில் ஒட்டியிருக்கிறது. வலப்பல்லின் முதுகிலிருந்து ஒரு உலோகக் கம்பி புறப்பட்டு, அண்ணத்தில் படுத்து, வளைந்து, பொய்ப்பல்லின் முதுகுக்குத் திரும்பி வருகிறது. குதிரை லாடம் மாதிரி. முன்னால் பார்த்தால் இரண்டு பல்லும் தனித்தனி. பின்னால் இரண்டும் கைகோத்திருக்கின்றன. இது என் கண்டுபிடிப்பு இல்லை. சந்துப் பல்காரர்களுக்குப் பல் செய்பவர்கள் எப்போதோ யோசித்த வழிதான். படித்தபோது ஒரு தேர்வுக்காக வரைந்திருக்கிறேன், பிறகு தேவைப்பட்டதே இல்லை.

லாடத்தைச் சின்னதாக, பல்லுக்கு ஒட்டிய மாதிரி செய்து பொருத்தினேன். திங்கட்கிழமை நவ்சர் வாசித்தார். எஃபத்தும் வந்திருந்தார்.

"அற்புதம்!" என்றார் நவ்சர். "உங்க கைக்கு முத்தம் குடுக்கணும்."

"என்ன அற்புதம்?" என்றார் எஃபத். "மேல் ஸ்தாயில பாம்பு மாதிரி சீறுது. முப்பது வருஷமா அடுப்படியில நின்னு கேக்கறவ நான். கீழ சரியா இருக்கு, மேல சீறுது."

"எஃபத்! தம்பி முன்னாடி..."

"தம்பிக்குத்தான் சொல்றேன். உங்களுக்கா சொல்றேன்?"

நான் அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்காத குறை. உண்மை சொல்ல ஓர் ஆள் கிடைத்தது எவ்வளவு பெரிய உதவி! கம்பி மூச்சு திரும்பும் வளைவிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுதான் சீறல். ஆனால் நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பதை வாய்க்குள் போய் எப்படிப் பார்ப்பது?

எஃபத்தின் கைப்பையில் குங்குமப்பூ இருந்தது, வருகிற வழியில் வாங்கியது. அதை நான் கடன் கேட்டதும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. "எவ்வளவு?" என்றார். "ஒரு சிட்டிகை." "சின்னச் சிட்டிகையா, பெரிய சிட்டிகையா?"

கல்லில் அரைத்துச் சொட்டு வெந்நீரில் கரைத்தேன். நவ்சரின் அண்ணத்தைத் துடைத்து உலர்த்தி, நாக்கில் குங்குமப்பூவைத் தடவி, கம்பியில்லாத தற்காலிகப் பல்லோடு மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு சுரம் ஊதச் சொன்னோம். உடனே வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம்.

எவ்வளவு தெளிவான வரைபடம்! நாக்கு தொட்ட இடமெல்லாம் மஞ்சள். அண்ணத்தின் இரு ஓரமும் மஞ்சள். நடுவே பல்லை நோக்கி ஒடுங்கிக்கொண்டே வரும் மஞ்சள் படாத வாய்க்கால், அதுதான் மூச்சின் வழி. பல்லுக்குப் பக்கத்தில் அது பென்சில் அகலம்கூட இல்லை; என் கம்பி அங்கேதான் குறுக்கே கிடந்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னால் போனால் அண்ணம் கூரை போல உயர்கிறது, வாய்க்கால் குளமாக விரிகிறது. அங்கே ஒரு தட்டையான கம்பி குறுக்கே கிடந்தால் மூச்சுக்குத் தெரியவே தெரியாது.

"கம்பியோட கால்கள்?" என்றார் டாக்டர்.

"மஞ்சள் முடியற கரையோரமா. ஈறு மடிப்புக்கு நடுவுல பள்ளம் இருக்கு பாருங்க, அதுல படுக்க வெச்சுடலாம்."

"தூரஜ், நீ பல்லு செய்யறவனா, கால்வாய் வெட்டறவனா?"

புதன்கிழமை முழுக்க மெழுகில் வடித்தேன், வியாழக்கிழமை உலோகத்தில் வார்த்துப் பீங்கான் சுட்டேன். மாலையில் பொருத்தினோம். நவ்சர் கீழ் ஸ்தாயியில் தொடங்கி, நடுவுக்கு வந்து, மேலே ஏறினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் எஃபத்தின் முகத்தையே பார்த்தோம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு முந்தானை போல தோளில் விழுந்திருந்த முக்காட்டின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"சீறல," என்றார்.

நவ்சர் குழலை இறக்கினார். வழக்கமான புகழ்ச்சிக்கு நான் தயாரானேன். அவர் கொஞ்ச நேரம் நாக்கை உள்ளே சுழற்றினார்.

"தம்பி, தப்பா நினைக்கக் கூடாது. கம்பியோட வலது கால் முனை லேசா குத்துது."

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று டப்பா கஸ்ஸைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு இனித்தது. அவர் முதல்முறையாக என்னை விருந்தாளியாக நடத்தாமல் தொழில்காரனாக நடத்தியிருந்தார். முனையைத் தேய்த்து மழுக்கினேன்; ஊதினார்; "இன்னும் கொஞ்சம்" என்றார்; மறுபடி தேய்த்தேன்; "இப்ப சரி" என்றார். 'பிரமாதம்' இல்லை, 'நிலா' இல்லை. சரி.

அங்கிருந்தே காஷானுக்குப் போன் செய்தார். அந்த மனிதரின் உடல்நலம், அவருடைய பிள்ளைகளின் உடல்நலம், ரோஜாத் தோட்டத்தின் உடல்நலம் என்று பத்து நிமிடம் சுற்றிவிட்டு, "நீங்க வாங்க, கண்டிப்பா வாங்க, சாப்பிட வாங்க. குழல் மட்டும் வராது, மன்னிச்சுக்குங்க" என்று முடித்தார். வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வந்தார். நானும் போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு நவ்சர் வாசித்தார், என் அம்மாவின் நாற்பதாம் நாளில் வாசித்ததையே. இந்தமுறை நான் உட்கார்ந்தபடியே அழுதேன், சுவர் தேவைப்படவில்லை.

ஓராண்டு ஆகிறது. பாலம் ஆடவில்லை, சிமெண்ட் விடவில்லை. குழல் வாசிக்கும் வேறு யாருக்காவது முன்பல் போனால், அவர்களுக்குப் பல் செய்பவருக்கு உதவட்டும் என்று அளவை இங்கே எழுதிவிடுகிறேன். பல்லைச் சீவும் முன் எடுத்த அச்சின்மேல் குழலை வைத்துப் பாருங்கள். அது எங்கே தானாக நிற்கிறதோ அதுவே இருக்கை, அந்தப் பள்ளத்தை அப்படியே உறையில் செதுக்குங்கள். முன்பற்களுக்கு நடுவே பழைய சந்தை, நவ்சருக்கு ஒன்றரை மில்லிமீட்டர், திறந்தே விடுங்கள். இரண்டு பல்லையும் பின்னால் லாடக் கம்பியால் இணையுங்கள்: தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர், தட்டையாக, அண்ணத்தைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. குறுக்கு வளைவு பல்லிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னால், நாக்கில் தடவிய நிறம் ஒட்டாத இடத்தில் இருக்கட்டும். இவ்வளவும் செய்தால் மூன்று ஸ்தாயியிலும் ஒலி வரும்.